வேதாகமத்தை எழுதியது யார்? அதை எதை வைத்து அளப்பது?



“உங்க மதத்துக்கு எந்தப் புத்தகம்? அதை யார் கொடுத்தது?” நம்மில் நிறைய பேர் படிவம் ஒன்றிலிருந்தே கேட்டுப் பழகிய கேள்வி இது. யூனிவர்சிட்டிக்குப் போனதும் இன்னும் அதிகமாகக் கேட்கும். கேட்கிற நண்பனிடம் ஒரே புத்தகம் இருக்கும். அதில் எல்லாம் இருக்கிறது, அது கடவுளே சொன்னது, அதில் தப்பே கிடையாது என்று உறுதியாகச் சொல்வான். நம்மிடம் தேவாரம் இருக்கிறது, திருவாசகம் இருக்கிறது, கீதை இருக்கிறது, வேதம் இருக்கிறது, ஆகமம் இருக்கிறது. எதை எடுத்து நீட்டுவது என்று தெரியாமல் முழிப்போம். சிலர் அங்கேயே தோற்றுப் போனதாக நினைத்துக்கொள்கிறார்கள். சிலர் கோபப்பட்டு நண்பனையே வெட்டி விடுகிறார்கள். ரெண்டுமே தேவையில்லை என்பதுதான் என் கருத்து.

பண்டமாரானில் கோயிலும் சர்ச்சும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறவை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட உதவிக்கு வரும் கிறிஸ்தவ அண்ணன்களையும், கிறிஸ்மஸ் அன்றைக்கு நமக்குப் பலகாரம் கொடுத்தனுப்பும் ஆன்ட்டிகளையும் எனக்குத் தெரியும். அவர்கள் நல்லவர்களா என்பது இங்கே கேள்வியே இல்லை. ரெண்டு விஷயங்களைத்தான் நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன். ஒன்று, பைபிள் எப்படி உருவானது? இன்னொன்று, நல்லது கெட்டதைத் தீர்மானிக்கும் கடைசி அதிகாரம் அந்தப் புத்தகத்துக்கு உண்டா?

நமக்கு முன்னால் கேட்டவர்

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது நாம் இல்லை. யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-ல் பிறந்த ஆறுமுக நாவலர், சுமார் 170 வருஷத்துக்கு முன்னாலேயே இந்தப் புத்தகத்தோடு மல்லுக்கு நின்றிருக்கிறார். வெளியே நின்று கல்லெறிந்தவர் அல்ல அவர். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்தார், அங்கேயே ஆசிரியரானார். பீட்டர் பெர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தபோது பக்கத்தில் உட்கார்ந்து உதவியவர் அவர்தான். ஒரு புத்தகத்தை வரி வரியாக மொழிபெயர்த்தவனைவிட அதை நன்றாகத் தெரிந்தவன் யார் இருக்க முடியும்? அவ்வளவு நெருக்கமாகப் படித்த பிறகும் அவர் சைவராகவே இருந்தார். 1848-ல் மிஷன் பள்ளி வேலையை விட்டு, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1854-ல் ‘சைவதூஷண பரிகாரம்’ என்ற நூலை அச்சிட்டார்.

அந்த நூலின் வாதம் எளிமையானது. அந்தக் காலத்து மிஷனரிகள் சைவக் கோயிலைப் பார்த்து என்ன சொன்னார்கள்? விளக்கு, தூபம், அபிஷேகம், நைவேத்தியம், தீட்டு, திருவிழா எல்லாம் மூடத்தனம் என்றார்கள். நாவலர் அவர்களுடைய புத்தகத்தையே திறந்து காட்டினார். பழைய ஏற்பாட்டில் விளக்கு இருக்கிறது, தூபம் இருக்கிறது, எண்ணெய் அபிஷேகம் இருக்கிறது, பலி இருக்கிறது, தீட்டும் சுத்தியும் இருக்கிறது, திருவிழாக்கள் இருக்கின்றன. உங்கள் கடவுளே கட்டளையிட்டதாக நீங்கள் சொல்லும் விஷயத்தை எங்களிடம் பார்த்தால் மட்டும் எப்படி மூடத்தனமாகும்?

இதற்கு வழக்கமாக வரும் பதில், அந்தச் சடங்குகள் அந்தக் காலத்துக்கு மட்டும், ஏசு வந்த பிறகு அவை முடிந்துவிட்டன என்பது. இந்தப் பதிலை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதி செல்லும், இந்தப் பகுதி செல்லாது என்று ஒருவர் பிரிக்கிறார் என்றால், எதை வைத்துப் பிரிக்கிறார்? நாவலரிடமிருந்து நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான். கட்டுரை முழுக்க இதுதான் ஓடும்.

பெயரிலேயே மனிதக் கை

நம் ஊர் புரொட்டஸ்டன்ட் வீடுகளில் இருக்கும் பைபிளின் அட்டையைப் பாருங்கள். ‘பரிசுத்த வேதாகமம்’ என்று போட்டிருக்கும். வேதம், ஆகமம் ரெண்டும் நம்முடைய சொற்கள். உள்ளே திறந்தால் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம் என்று வரும். எபிரேய மொழியில் எழுதியவர்களுக்கு ஆகமம் என்றால் என்னவென்றே தெரியாது. தமிழனுக்கு மரியாதை தோன்றும் சொல் எது என்று யோசித்து, மொழிபெயர்ப்பாளர்கள் தேர்ந்தெடுத்த பெயர்கள் இவை.

கடவுளுக்கு வைத்த பெயரும் அப்படித்தான். சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவருடைய புதிய ஏற்பாடு 1714, 1715 வாக்கில் அங்கேயே அச்சானது. அதில் கடவுள் ‘சருவேசுரன்’. பிறகு வந்த பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பில் ‘பராபரன்’. இன்றைக்குப் பெரும்பாலான சர்ச்சுகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் ‘தேவன்’. கத்தோலிக்கர்களின் திருவிவிலியத்தில் ‘கடவுள்’. தேவன் என்றால் பல தேவர்களில் ஒருவன் என்று ஆகிவிடாதா, பராபரன் என்றால் சைவ வாசனை அடிக்காதா என்றெல்லாம் அவர்கள் காலங்காலமாக விவாதித்திருக்கிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை. உழைத்தார்கள், மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஆனால் உழைத்தது மனிதர்கள். ஒவ்வொரு சொல்லும் ஒரு மனிதனின் முடிவு.

“அது மொழிபெயர்ப்பு, மூலம் அப்படி இல்லை” என்று நண்பன் சொல்வான். சரி, மூலத்துக்கே போவோம்.

மூலம் எது?

எஞ்சினியரிங் படிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டிராயிங் கையில் வந்தால் முதலில் ரிவிஷன் நம்பரைப் பார்ப்போம். எத்தனையாவது திருத்தம், யார் மாற்றினார், யார் கையெழுத்துப் போட்டார்? பைபிளுக்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலில், எத்தனை நூல்கள்? புரொட்டஸ்டன்ட் பைபிளில் 66. கத்தோலிக்க பைபிளில் 73. எத்தியோப்பிய மரபுவழிச் சபை கணக்கில் 81. கடவுள் கொடுத்த பட்டியல் ஒன்றுதான் என்றால் மூன்று எண் எப்படி வந்தது? இன்று நாம் காணும் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை மட்டும் சரியாகப் பட்டியலிட்ட மிகப் பழைய ஆவணம், அலெக்சாண்டிரியாவின் பிஷப் அத்தனாசியஸ் கி.பி. 367-ல் எழுதிய கடிதம். ஏசு மறைந்து 300 வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது. அதே நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய் கையெழுத்துப் பிரதியின் பெரும்பகுதி இப்போது லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. அதன் புதிய ஏற்பாட்டில் ‘பர்னபா நிருபம்’, ‘ஹெர்மாஸின் மேய்ப்பன்’ என்று இன்றைய பைபிளில் இல்லாத ரெண்டு நூல்கள் கூடுதலாக இருக்கின்றன. அதே பிரதியில் மாற்கு சுவிசேஷம் 16-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. உயிர்த்தெழுந்த ஏசு சீடர்களுக்குத் தோன்றும் கடைசி 12 வசனங்கள் அதில் இல்லை.

இன்னொன்று. யோவான் முதல் நிருபம் 5-ஆம் அதிகாரம் 7-ஆம் வசனம். பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் ஒன்று என்று திரித்துவத்தை நேரடியாகச் சொல்வது போன்ற இடம் அது ஒன்றுதான். தமிழில் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை 1516-ல் அச்சிட்ட எராஸ்மஸ் முதல் ரெண்டு பதிப்பிலும் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு 1522-ல் வந்த மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். இது பிற்காலத்தில் செருகியது என்று ஆதாரத்தோடு எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? நம்ம ஐசக் நியூட்டன். 1690-ல் ஜான் லாக்குக்கு நீண்ட கடிதமாக எழுதினார். உயிரோடு இருக்கும்வரை வெளியிடத் துணியவில்லை. 1727-ல் அவர் இறந்து, 1754-ல்தான் அச்சில் வந்தது. நியூட்டன் நாத்திகர் இல்லை, பைபிளை உயிராக நேசித்தவர். அவரே சொல்கிறார், இங்கே மனிதக் கை பட்டிருக்கிறது என்று.

உள்ளேயும் முரண்கள் உண்டு. தாவீது ராஜா மக்கள்தொகை எடுக்கிறார். அவரைத் தூண்டியது யார்? ரெண்டாம் சாமுவேல் 24-ஆம் அதிகாரத்தில் கடவுள். அதே சம்பவம் ஒன்றாம் நாளாகமம் 21-ஆம் அதிகாரத்தில் வரும்போது சாத்தான். பின்னால் எழுதியவருக்கு, கடவுள் ஒருவரைத் தவறு செய்யத் தூண்டுவாரா என்று மனசு உறுத்தியிருக்கும், மாற்றி எழுதியிருப்பார் என்று ஆய்வாளர்கள் பலர் விளக்குகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. அந்த எழுத்தாளரை எனக்குப் பிடித்தும் இருக்கிறது. மனசாட்சி உள்ள மனிதர்.

கணக்கு வாத்தியார் பிஷப்

நாவலருக்கு நடந்ததைப் போலவே ஒரு விஷயம், சில வருஷம் கழித்து தென்னாப்பிரிக்காவில் நடந்தது. நம் ஆட்கள் 1860-லிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போன அதே நேட்டாலில்தான். அங்கே ஆங்கிலிக்கன் பிஷப்பாக இருந்தவர் ஜான் வில்லியம் கொலென்சோ. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர், பள்ளிக்கூடக் கணிதப் புத்தகங்கள் எழுதியவர். பைபிளை ஜூலு மொழியில் பெயர்க்க அவருக்கு உதவியவர் வில்லியம் ங்கிடி என்ற ஜூலு இனத்தவர். நோவா பேழைக் கதை வந்தபோது ங்கிடி நேராகக் கேட்டார், இதெல்லாம் உண்மையிலேயே நடந்ததா, நீங்கள் நம்புகிறீர்களா என்று. அந்த மனிதரிடம் கடவுள் பெயரால் பொய் சொல்லக் கொலென்சோவுக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1862-ல் முதல் பாகத்தை வெளியிட்டார்.

அவர் வழியில் நாமும் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். எண்ணாகமம் முதல் அதிகாரத்தின்படி எகிப்திலிருந்து கிளம்பியவர்களில் போருக்குப் போகக்கூடிய ஆண்கள் மட்டும் 6,03,550 பேர். பெண்கள், குழந்தைகள், வயதானவர்களைச் சேர்த்தால் குறைந்தது 20 லட்சம். பத்துப் பத்துப் பேராக வரிசையில் நடக்கிறார்கள், வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்வலத்தின் நீளம் 200 கிலோமீட்டர். தலை ஈப்போவில் இருக்கும்போது வால் கோலாலம்பூரை விட்டுக் கிளம்பியே இருக்காது. ஆளுக்கு மூன்று லிட்டர் குடிதண்ணீர் என்றால் ஒரு நாளைக்கு 60 லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் தண்ணி லோரி 600 வேண்டும். தினமும். பாலைவனத்தில். 40 வருஷம். ஆடு மாடுகளை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அற்புதம் என்று சொல்லிவிடலாம், சொல்பவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் எண்ணை எழுதியவர் பெருமைக்காகப் பெரிதாக்கி எழுதிய மனிதர் என்பது அதைவிட எளிய விளக்கம். பழங்கால ராஜாக்களின் மெய்க்கீர்த்திகளைப் படித்த தமிழனுக்கு இது புதுசா என்ன? கொலென்சோவுக்கு என்ன ஆனது? கேப்டவுன் பிஷப் கிரே அவர்மேல் மதவிரோத வழக்கு நடத்தி, 1863-ல் பதவி நீக்கம் என்று அறிவித்தார். பிறகு லண்டன் பிரிவி கவுன்சில் அந்த அறிவிப்பு செல்லாது என்றது. உதவிக்கு உட்கார்ந்த உள்ளூர்க்காரர் கேட்ட ஒரே ஒரு கேள்வி சர்ச்சையே ஆட்டி வைத்துவிட்டது.

மனிதர் எழுதினால் மதிப்பு போய்விடுமா?

இங்கே நிறைய பேர் அவசரப்பட்டு முடித்துவிடுவார்கள். மனிதன் எழுதியது, முரண் இருக்கிறது, ஆகவே தூக்கிப் போடு என்று. அது சரியான வாதம் இல்லை.

விபச்சாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் கல்லால் அடிக்க நிற்கிறது. உங்களில் பாவமே செய்யாதவன் முதலில் எறியட்டும் என்ற பொருளில் ஏசு பேச, ஒவ்வொருவராக நழுவிப் போகிறார்கள். யோவான் சுவிசேஷம் 8-ஆம் அதிகாரத்தில் வருகிறது. இந்தக் கதையும் மிகப் பழைய பிரதிகளில் இல்லை, பிறகு சேர்ந்தது என்பது ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. யார் எழுதினார் என்றே தெரியாது. அதனால் கதையின் மதிப்பு குறைந்துவிட்டதா? எனக்கு இல்லை. வாட்ஸ்ஆப்பில் ஒரு பெண்ணின் போட்டோவைப் பரப்பி ஊரே கல்லெறியும் இந்தக் காலத்தில் அது இன்னும் தேவையான கதை.

அப்படியென்றால் கவனியுங்கள். இந்தக் கதை நல்ல கதை என்று எனக்கு எப்படித் தெரிந்தது? கடவுள் சொன்னார் என்பதால் இல்லை. ஆசிரியர் பெயரே தெரியாத நிலையிலும் படித்ததும் மனம் ஒப்புக்கொள்கிறது. அதாவது, நல்லது என்று அறியும் திறன் புத்தகத்துக்கு முன்னாலேயே என்னிடம் இருக்கிறது. காந்தியும் இப்படித்தான் படித்தார். பழைய ஏற்பாட்டில் பல பகுதிகள் அவருக்குத் தூக்கத்தை வரவழைத்தன, மலைப்பிரசங்கம் நெஞ்சைத் தொட்டது என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பிரித்தெடுத்தது அவருடைய மனசாட்சி.

அடிமை வசனங்கள்

இதே திறனோடு மற்றப் பக்கங்களையும் படிக்க வேண்டும். யாத்திராகமம் 21-ஆம் அதிகாரம்: எஜமான் கோலால் அடித்து அடிமை உடனே செத்தால் தண்டனை உண்டு. ஆனால் ஒரு நாள், ரெண்டு நாள் உயிரோடு இருந்துவிட்டால் தண்டனை இல்லை, ஏனென்றால் அடிமை எஜமானுடைய பணம். லேவியராகமம் 25-ஆம் அதிகாரம்: சுற்றியிருக்கும் ஜாதிகளிடமிருந்து அடிமைகளை வாங்கலாம், பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதி வைக்கலாம். ஒன்றாம் சாமுவேல் 15-ஆம் அதிகாரம்: அமலேக்கியரில் ஆண், பெண், பால் குடிக்கும் குழந்தை எல்லாரையும் கொல்லும்படி கடவுள் பெயரால் கட்டளை.

புதிய ஏற்பாட்டில் எபேசியர் 6-ஆம் அதிகாரம், அடிமைகள் எஜமானுக்குப் பயந்து கீழ்ப்படிய வேண்டும் என்கிறது. தமிழில் பழைய மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் ‘வேலைக்காரரே’ என்று இருக்கும். கிரேக்க மூலச் சொல்லுக்கு அடிமை என்று பொருள். புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அடிமை என்றே மாற்றிவிட்டார்கள். தோட்டத்தில் வளர்ந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு வேலைக்காரனுக்கும் அடிமைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லித் தரத் தேவையில்லை.

இது ஏட்டில் மட்டும் இருந்த விஷயம் இல்லை. 1845-ல் அமெரிக்காவின் தென்மாநில பாப்டிஸ்டுகள் அடிமை முறைப் பிரச்சினையில் வடக்கோடு பிரிந்து தனிச் சபை அமைத்தார்கள். அடிமை வைத்திருப்பவரும் மிஷனரி ஆகலாம் என்பது அவர்கள் கட்சி. ஆதாரத்துக்கு பைபிளைத்தான் காட்டினார்கள். அதே சபை 150 வருஷம் கழித்து 1995-ல் அதற்காக மன்னிப்புக் கேட்டது. இந்த 150 வருஷத்தில் பைபிளில் ஒரு வசனமும் மாறவில்லை. மாறியது மனிதர்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் மறுபக்கமும் உண்டு. அடிமை வணிகத்தை எதிர்த்துப் பிரிட்டிஷ் பார்லிமென்டில் போராடிய வில்பர்போர்ஸும் பைபிள் பக்தர்தான். 1807-ல் லண்டனில், மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்று ஒரு பைபிளை வெட்டிக் குறைத்து அச்சிட்டார்கள். எகிப்திலிருந்து அடிமைகள் விடுதலையாகி வெளியேறும் பகுதியை அதில் எடுத்துவிட்டார்கள். அதைப் படித்தால் அடிமைகளுக்கு விடுதலை எண்ணம் வந்துவிடும் என்று பயந்திருக்கிறார்கள்! புத்தகத்துக்குள் விடுதலையும் இருக்கிறது, சங்கிலியும் இருக்கிறது. யார் எதை எடுப்பது என்பதை வாசிப்பவர்தான் முடிவு செய்கிறார்.

ரெபரன்ஸ் எது?

லேப்பில் ஒரு பிரஷர் கேஜ் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்போம்? அதைவிட நம்பகமான இன்னொரு கருவியோடு ஒப்பிடுவோம். ஒத்துப் போகவில்லை என்றால் முதல் கேஜைத்தான் திருத்துவோம். எதோடு ஒப்பிடுகிறோமோ அதுதான் ரெபரன்ஸ்.

அடிமைச் சட்டத்தைக் காட்டியதும் என் கிறிஸ்தவ நண்பன் சொல்வது, “அது அந்தக் காலத்துக்கு டா, இன்னைக்கு யாரும் அப்படி எடுக்கறதில்லை.” ரொம்ப நல்ல பதில். ஆனால் அந்த ஒரு வரியில் அவன் பைபிளை வேறொன்றோடு ஒப்பிட்டு, பைபிளைத்தான் திருத்துகிறான். அந்த வேறொன்று அவனுடைய மனசாட்சி. ஆக, அவனுக்கே கடைசி அதிகாரம் பைபிள் இல்லை. “ஏசுவின் அன்புக் கட்டளையை வைத்துத்தான் மற்றதை அளக்கிறோம்” என்று சிலர் சொல்வார்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் அத்தனை கட்டளைகளுக்குள் அன்புக் கட்டளைதான் தலை, கொல்லச் சொன்ன கட்டளை இல்லை என்று தேர்ந்தெடுத்தது எது? மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வருகிறோம்.

“அப்படி என்றால் ஆளாளுக்கு ஒரு மனசாட்சி, ஒழுக்கமே மிஞ்சாதே?” என்ற கேள்வி நியாயமானது. மனசாட்சியும் தப்புப் பண்ணும். அடிமை வைத்திருந்தவனும் நிம்மதியாகத் தூங்கினான். அதனால்தான் ஒருவரின் மனசாட்சி மட்டும் போதாது. பாதிக்கப்பட்டவன் பேசக் கேட்க வேண்டும், எதிர்த்துக் கேட்க ஆள் வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், திருத்திக்கொள்ள வழி வேண்டும். தப்பே இல்லாத புத்தகம் என்று சொன்னால் இந்தக் கதவுதான் முதலில் அடைபடுகிறது. புத்தகத்தைக் காட்டி ஒருவன் அடிக்கும்போது, அடி வாங்குகிறவன் யாரிடம் போய் முறையிடுவான்?

நம் வீட்டுப் பக்கம்

இவ்வளவு எழுதிவிட்டு நம் நூல்களைப் பூட்டி வைத்தால் நான் நேர்மையானவன் இல்லை. இதே அளவுகோலைத்தான் இங்கேயும் வைக்க வேண்டும். மனு தர்ம சாஸ்திரத்தில் சூத்திரரைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் உள்ள விதிகளைப் படித்துப் பாருங்கள். யாத்திராகமம் 21-ஐப் படித்தபோது வந்த அதே கோபம் வர வேண்டும். வரவில்லை என்றால் நமக்கு நியாயம் வேண்டாம், ஜெயித்தால் போதும் என்று அர்த்தம். நான் இவ்வளவு மதிக்கும் நாவலரே சாதி விஷயத்தில் பழமையை விடாதவர். சடங்கைக் காக்க அவர் காட்டிய கூர்மையைச் சாதியைக் கேள்வி கேட்கக் காட்டவில்லை. அவர் மறைந்து கிட்டத்தட்ட 90 வருஷம் கழித்து, 1968-ல், யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லி நம் மக்களே போராட வேண்டியிருந்தது. தடுத்தவர்களும் சாஸ்திரத்தைத்தான் காட்டினார்கள். மிஷன் பள்ளிக்கூடம் எத்தனையோ பேருக்கு முதல் பெஞ்சில் இடம் கொடுத்தது என்பதையும், நம்மில் சிலர் அதனாலேயே மதம் மாறினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. பசியோடு வந்தவனைத் தள்ளி நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டில் சாப்பிட்டான் என்று திட்டுவது என்ன தர்மம்?

ஒரு வசதி நமக்கு இருக்கிறது. யார் வாயிலிருந்து வந்தாலும் அதன் உண்மையைப் பார்ப்பதே அறிவு என்று வள்ளுவர் சொல்லிவிட்டார். வேதம் யாராலும் இயற்றப்படாதது என்று மீமாம்சகர்கள் சொன்னபோது, இல்லை, அது ஈசுவரன் செய்தது என்று நியாய மரபினர் வாதாடினார்கள். ரெண்டையும் ஒப்புக்கொள்ளாதவர்களும் இந்த மண்ணிலேயே உட்கார்ந்து பேசினார்கள். “உங்க புத்தகம் எது?” என்ற கேள்விக்கு நம்மிடம் ஒற்றைப் பதில் இல்லாதது பலவீனம் இல்லை. நிறையப் புத்தகம் உண்டு, ஒவ்வொன்றையும் கேள்வி கேட்கவும் எங்களுக்கு உரிமை உண்டு என்பதே பதில். அந்த உரிமையை நாம் உண்மையிலேயே பயன்படுத்துகிறோமா என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

செய்ய வேண்டியது

நான் சொல்ல வருவது மூன்று விஷயம். முதலாவது, பைபிளைப் படியுங்கள். நாவலர் படித்தார். படிக்காமல் கேலி செய்கிறவனைவிட, படித்துவிட்டு ஒப்புக்கொள்ளாதவன் நண்பனுக்கு அதிக மரியாதை தருகிறான். மலைப்பிரசங்கத்தையும் படியுங்கள், யாத்திராகமம் 21-ஐயும் படியுங்கள்.

ரெண்டாவது, ஹாஸ்டலில் யாராவது தப்பே இல்லாத புத்தகம் என்று ஆரம்பித்தால் சண்டைக்குப் போகாதீர்கள். “இதில் எந்தப் பகுதி இன்றைக்கும் செல்லும், எது செல்லாது? எதை வைத்துப் பிரிக்கிறாய்?” என்று மட்டும் கேளுங்கள். பொறுமையாகப் பதிலைக் கேளுங்கள். அவன் திருப்பி நம் நூல்களைப் பற்றி அதையே கேட்டால் கோபப்படாதீர்கள். அவனுக்கும் அந்த உரிமை உண்டு.

மூன்றாவது, இது நம் இயக்கத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் தேவாரம் மனப்பாடம் செய்ய வைக்கிறோம், பரிசு கொடுக்கிறோம். நல்லது, தொடரட்டும். கூடவே அரை மணி நேரம் கேள்விக்கு என்று ஒதுக்க வேண்டும். “சாமி ஏன் அப்படிப் பண்ணார்?” என்று ஒரு பிள்ளை கேட்டால், “அப்படியெல்லாம் கேட்கக் கூடாது” என்று வாயை அடைக்காத வகுப்பாக அது இருக்க வேண்டும். பதில் தெரியாவிட்டால், தெரியாது, அடுத்த வாரம் சேர்ந்து தேடுவோம் என்று அண்ணன்மாரும் அக்காமாரும் சொல்லிப் பழக வேண்டும். பன்னிரண்டு வயதில் நம்மிடம் கேட்க முடியாத கேள்வியைத்தான் ஒரு பிள்ளை இருபது வயதில் வேறு யாரிடமோ போய்க் கேட்கிறது. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வரலாம் என்று இருக்கிறேன். நல்ல யோசனை இருந்தால் வந்து சொல்லுங்கள்.